பலகைக்கு மேலே ஓர் ஈரச் சாரம்

சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, எங்களை நன்றாகத் தெரிந்த, உறவினர் அல்லாத இரண்டு சுவிஸ்காரரின் பெயர்களைத் தரச் சொன்னார்கள். நகரசபையில் இருந்து அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்பார்களாம். நான் சில நாள் மண்டையைப் போட்டு உடைத்து, அயலவர்கள் இருவரின் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். ஒருவர் எங்கள் இடப்பக்கத்துக் கீழ்வீட்டில் இருக்கும் பெரியவர், ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக். மற்றவர் எங்களுக்கு நேர் மேலே இருக்கும் பெண்மணி, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவர். அவர்களைத் தெரிவு செய்ததற்கு என்னிடம் அசைக்க முடியாத ஒரு காரணம் இருந்தது. இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை.

நான் யாரோடும் முரண்படாத மனிதன். ரயில்கள் எல்லாம் ஊத்தையாகிவிட்டன என்று பெரியவர் செடிவேலிக்கு மேலால் சொல்வார். நான் ஓம் என்பேன். இந்த நாட்டு ரயில்களைப் போல உலகத்திலேயே இல்லை என்று பெண்மணி படிக்கட்டில் சொல்வார். அதற்கும் ஓம். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக இருவருக்கும் நான் அருமையான மனிதன். இரண்டு வெவ்வேறு அருமையான மனிதர்கள் என்பது இன்னும் சரி. அந்த இரண்டு பேரும் ஒருநாளும் ஒரே இடத்தில் சந்தித்துவிடக் கூடாது. உடுப்பு உலர்த்தும் மெசினில் சேர்கிற பஞ்சை யார் துடைக்காமல் விட்டது என்று என்றோ ஒருநாள் அவர்கள் பிடித்த சண்டைதான் எனக்குக் காவல் தெய்வமாக நின்றது. அந்தச் சண்டை ஆறிவிடாமல் இருக்கட்டும் என்று நான் நேர்த்தி வைக்காத குறை.

விண்ணப்பத்தைக் கொடுத்துச் சில மாதங்களில் எங்கள் தெருவுக்கு ஒரு வாக்கெடுப்பு வந்தது. இங்கே எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு. தெருவோரம் கார் விடுகிற இடங்களை எடுத்துவிட்டு அங்கே மரம் நடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. எனக்கு வாக்கு இல்லை. ஆனால் ஒரு கார் இருந்தது, அது நின்றதும் அந்தத் தெருவோரத்தில்தான்.

முதலில் வந்தவர் பெரியவர். கையில் ஒரு பலகை. வெள்ளைப் பின்னணியில் பெரிய சிவப்பு எழுத்தில் 'நைன்', அதாவது வேண்டாம். அதைத் தன் பக்கத்துச் செடிவேலியின் முனையில் நட நினைப்பதாகவும், எனக்கு ஆட்சேபனை உண்டா என்றும் கேட்டார். நான் பெரிதாகச் சிரித்து, ஆட்சேபனையா, எனக்கா என்றேன். நட்டார். மண் இளகலாக இருந்ததால் பலகை மெல்ல மெல்ல என் பக்கம் சாய்ந்து, இரண்டாம் நாளே முற்றாக என்னுடைய பலகை போல நின்றது.

அடுத்து மேல்வீட்டுப் பெண்மணி. தன் பல்கனியில் ஒரு பதாகை கட்டப் போவதாகவும், அதன் அடிப்பக்கம் எங்கள் முற்றத்துக்கு மேலே கொஞ்சம் தொங்கும் என்றும், அது எங்களுக்கு இடைஞ்சலா என்றும் கேட்டார். மரங்கள் என்றால் எனக்கு உயிர் என்றேன். சட்டியில் நின்ற கறிவேப்பிலையைச் சாட்சிக்குக் காட்டவும் செய்தேன். கட்டினார். பச்சைத் துணியில் 'யா', ஆம்.

வேலையால் வந்து தெருவில் இருந்து வீட்டைப் பார்த்தேன். வேலியில் வேண்டாம், தலைக்கு மேலே ஆம். நடுவில் என் வீட்டு யன்னல். வீடே தனக்குள் சண்டை பிடிப்பதுபோல இருந்தது.

இவர்கள் ஏன் என்னிடம் அனுமதி கேட்டார்கள்? பெரியவர் தன் நிலத்தில் தன் பலகையை நட என்னிடம் கேட்கத் தேவையில்லை. பத்து வருடத்துக்கு மேல் அவர் தக்காளி நட்டபோது கேட்டாரா? பெண்மணி காற்றாடிகளும் எலுமிச்சம்பழ வடிவ விளக்குகளும் தொங்கவிட்டபோது கேட்டாரா? இப்போது, என் விண்ணப்பம் யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கிற நேரம் பார்த்து, இருவரும் அடுத்தடுத்து வந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள் என்றால், அது என்னைப் பரிசோதிக்கத்தான் என்று முடிவு செய்தேன். நகரசபை சொல்லித்தான் வந்தார்களோ என்றும் ஒரு யோசனை ஓடியது. அதை மனைவியிடம் சொன்னேன்.

"இது சுவிஸப்பா. உங்கடை வாசலுக்கு ஆமி வராது" என்றாள்.

"ஆமி வராது. கெமைண்ட வரும்" என்றேன். நகரசபைக்கு இங்கே அதுதான் பெயர்.

"வந்தால் தேத்தண்ணி குடுப்பம்" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் வெட்டப் போனாள்.

அவளுக்கு இது விளங்காது. ஊரில் அவள் வளர்ந்த வீட்டுக்கு மதில் இல்லை, கிடுகுவேலி. எங்கள் வீட்டுக்குத் தெருப்பக்கம் நீளமான வெள்ளை மதில். விடிந்து பார்த்தால் அதில் யாரோ ஒரு சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். கிழித்தால் ஒட்டியவர்கள் வந்து ஏன் கிழித்தாய் என்று கேட்பார்கள். விட்டால் ஜீப்பில் வருகிறவர்கள் யார் ஒட்ட விட்டது என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லி மீண்டவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. அதனால் என் தகப்பனார் ஒரு சாக்கை நனைத்து, மதிலில் அந்த இடத்தைப் பார்த்துக் காயப்போடுவார். கிழிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. ஈரச் சாக்கு ஒன்று வெயிலுக்குக் காய்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டிலும் அப்படியே, எதிர்வீட்டிலும் அப்படியே. மாரி மழை ஊற்றுகிறபோதும் எங்கள் ஒழுங்கை முழுக்கச் சாக்குகள் காய்ந்துகொண்டிருந்தன.

சூரிச்சுக்கு மேற்கே சாக்குக்கு எங்கே போவது? வீட்டில் நான் இடுப்பில் கட்டுகிற, நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்று இருந்தது. ஒரு வியாழக்கிழமை அதை நனைத்துப் பிழிந்து, காற்றுக்குப் பறந்துபோய் விழுந்ததுபோலப் பெரியவரின் பலகைக்கு மேலே போட்டேன். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை. இயற்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு தரம் தள்ளி நின்று பார்த்துத் திருத்தினேன்.

அன்று மாலை சாரம் என் கதவடியில் இருந்தது. மடித்து. அந்த மடிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. நாலு மூலையும் பொருந்தி, கடையில் புதிதாக வாங்கிய துணிபோல இருந்தது. பெரியவர் சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்பேன். ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் வேலியடியில் கண்டபோது வழக்கம்போல வணக்கம் சொன்னார். பிறகு தலையை உயர்த்தி மேல்வீட்டுப் பல்கனியை ஒருமுறை பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரி, பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு எட்டவில்லை. எட்டாத பார்வைகளை நம்பக் கூடாது.

திரும்பவும் போட்டேன். திரும்பவும் மடித்து வந்தது.

இதற்கிடையில் நீதி என்ற ஒன்று இருக்கிறதே. 'வேண்டாம்' பலகையை மட்டும் மூடினால் நான் 'ஆம்' பக்கத்து ஆள் என்றாகிவிடும். ஆகவே முற்றத்தில் கிடந்த பெரிய வெயிற்குடையை விரித்து, பச்சைப் பதாகையின் அடிப்பக்கம் தெருவுக்குத் தெரியாதபடி சரித்து வைத்தேன். அந்த வாரம் முழுக்க மழை. விரித்த வெயிற்குடையின் கீழே மழையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த என்னை, மேலிருந்து பெண்மணி எட்டிப் பார்த்து, வெயில் கடுமையோ என்று கேட்டார். ஓம், கொஞ்சம் கடுமைதான் என்றேன். அவர் உடனே சிரிக்கவில்லை. தலையைத் திருப்பிப் பெரியவரின் வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பெரியவர் தக்காளிக்குத் தண்ணீர் விடும் சாட்டில் பார்த்தார். மழைக்காலத்தில் தக்காளிக்கு ஏன் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. அவரும் என் குடையைப் பற்றிக் கேட்கவில்லை.

இங்கே பிறந்து வளர்ந்த என் மகள் ஒருநாள் முற்றத்தில் வந்து நின்று, சாரத்தையும் பார்த்தாள், குடையையும் பார்த்தாள். அவளுக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு எப்போதோ கிடைத்துவிட்டது. வாக்குச்சீட்டும் வீட்டுக்கு வந்திருந்தது.

"அப்பா, மற்றாக்களின்ரை பலகையை மூடுறது பிழை. முறைப்பாடு செய்வினம்."

"ஆர் மூடினது? சாரம் காயுது."

"பைன்லிக்" என்றாள். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், வெட்கக்கேடு என்று பொருள். அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதிகம் புழங்குகிற டொச் சொல் அதுதான், பெரும்பாலும் என்னைப் பற்றியது. பிறகு, "நீங்கள் என்ன நினைக்கிறியள், மரமோ காரோ?" என்று கேட்டாள்.

இரண்டிலும் நல்லது இருக்கிறது என்றேன். தான் மரத்துக்குத்தான் போடப் போவதாகவும், என் கார் எங்கே நின்றால் தனக்கென்ன என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்தப் பிள்ளை இவ்வளவு சத்தமாக, வாசலில் நின்று, தன் வாக்கைச் சொல்லுகிறதே என்று நான் செடிவேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. திரைச்சீலையை விலக்கினேன். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்து வாங்கில் பெரியவரும் பெண்மணியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே வாங்கில். கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்மணி ஏதோ கேட்க, பெரியவர் கையை நீட்டி என் சாரத்தைக் காட்டினார். பிறகு பெண்மணி கையை நீட்டி என் குடையைக் காட்டினார். அதன் பிறகு இருவரும் ஒன்றாகத் திரும்பி, நான் நின்ற யன்னலைப் பார்த்தார்கள்.

நான் குனிந்தேன். குனிந்த இடத்தில் இருந்தபடியே மனைவியிடம், ரோல்ஸ் பொரிக்கச் சொன்னேன்.

"எத்தினை பேர் வருகினம்?"

"ரெண்டு. ஆனால் கூடப் பொரி."

வந்தார்கள். சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பேசிய டொச்சை எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்; எனக்கு அது அப்படித்தான் கேட்டது, வாசலில் ஜீப் வந்து நின்றதுபோல.

அவர்கள் சொன்னதில் இருந்து எனக்கு விளங்கியது இதுதான். பலகையில் சாரத்தைக் கண்ட பெரியவர், மேல்வீட்டுக்காரிதான் என் கொடியில் இருந்து சாரத்தை எடுத்து வேண்டுமென்றே தன் பலகையில் எறிகிறார் என்று நினைத்திருக்கிறார். பாவம், இந்த அப்பாவித் தமிழனின் உடுப்பை வைத்து அரசியல் செய்கிறாரே என்று இரங்கித்தான் அப்படி மடித்து மடித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். குடையைக் கண்ட பெண்மணியோ, கிழவர்தான் என்னை மிரட்டி விரிக்க வைத்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறார். கடைசியில் பொறுக்க முடியாமல், என்னைக் காப்பாற்றுவதற்காக, ஒருவரையொருவர் பிடித்து ஏசப் போயிருக்கிறார்கள். ஏசி முடிந்து பார்த்தால் இருவரும் ஒன்றும் செய்யவில்லை. மிஞ்சியது நான்.

உடுப்பு மெசினின் பஞ்சால் பிரிந்தவர்களை என் சாரம் சேர்த்து வைத்துவிட்டது. எனக்கு அதில் எந்தச் சந்தோசமும் இருக்கவில்லை.

பெரியவர் தட்டில் இருந்த ரோல்ஸைத் தொடவில்லை. அது கெட்ட சகுனம்.

"கெமைண்ட என்னட்டை உங்களைப் பற்றிக் கேக்கப் போகுது" என்றார். "நான் என்ன சொல்லுறது? இத்தினை வருசம் உங்களோடை கதைச்சிருக்கிறன். மழை எண்டாலும் ஓம் எண்டியள், வெயில் எண்டாலும் ஓம் எண்டியள். நல்ல மனிசன் எண்டு சொல்லலாம். ஆனால் ஆள் ஆர் எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது."

பெண்மணி அவரைவிட மெல்லிய குரலில் கேட்டார். "எனக்கு மரம் உயிர் எண்டு சொன்னீங்கள். இவருக்குக் கார் இடம் முக்கியம் எண்டு தலையாட்டியிருக்கிறீங்கள். எங்கள் ரெண்டு பேரிலை ஆருக்குப் பொய் சொன்னனீங்கள்?"

குசினியில் பொரிகிற சத்தம் நின்றது. மனைவி அடுப்பை அணைத்துவிட்டாள் என்று தெரிந்தது. நான் வழக்கம்போல ஒரு சிரிப்பைத் தேடினேன். இரண்டு முகத்துக்கும் பொருந்துகிற ஒரு சிரிப்பு என்னிடம் எப்போதும் இருக்கும். அன்று அது வரவில்லை. இருவரும் ஒன்றாக எதிரே இருக்கும்போது எந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பது?

"சொல்லுங்கோ" என்று உள்ளே இருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. "சொல்லிப்போட்டு வாங்கோ, ஆறப் போகுது."

சொன்னேன். நான் பெரிய பேக்கரி ஒன்றில் வேலை செய்கிறேன், விடிய நாலு மணிக்கு வெளிக்கிட வேண்டும், அந்த நேரத்துக்கு முதல் பஸ்ஸின் சாரதியே எழும்பியிருக்க மாட்டார். பேக்கரி இருக்கிற இடத்துக்குச் சைக்கிளில் போவதென்றால் மாரியில் என்னைப் பனிக்குள் இருந்து தோண்டி எடுக்க வேண்டும். கராஜ் வாடகைக்கு எடுக்க எனக்கு வசதியில்லை. எனக்குக் கார் விட இடம் வேண்டும். மரம் வேண்டாம். அதாவது, மரம் நல்லது, ஆனால் அந்த இடத்தில் வேண்டாம். வாக்கு இருந்தால் நான் 'நைன்' என்றுதான் போடுவேன். இதைச் சொல்லி முடித்தபோது என் பெனியன் முதுகோடு ஒட்டியிருந்தது.

பெரியவர்தான் நிமிர்ந்தார்.

"அப்ப நீங்கள் என்ரை பக்கம். பேந்து ஏன் என்ரை பலகையை மூடினனீங்கள்?"

"அது என்ரை அபிப்பிராயம்தான். அதாலைதான் மூடினனான்."

அவர் பெண்மணியைப் பார்த்தார். பெண்மணி அவரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நான் மதிலைப் பற்றியும் சாக்கைப் பற்றியும் சொன்னேன். பிழையான கட்சியின் சுவரொட்டி மதிலில் இருப்பது ஓரளவு சமாளிக்கக் கூடிய விசயம், நாங்கள் அவர்கள் ஆள் இல்லை என்று கையெடுத்துக் கும்பிடலாம். உண்மையிலேயே மனதுக்குள் இருப்பது மதிலில் இருந்தால் அந்தக் கும்பிடு சரியாக வராது என்றேன். என்னுடைய டொச்சில் இதை எப்படிச் சொன்னேனோ தெரியாது. முன்கூட்டித் தெரிந்திருந்தால் டொச் வகுப்பில் இதற்கான சொற்களைக் கேட்டுப் பாடமாக்கியிருப்பேன். அங்கே எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் பல்வலிக்கு எப்படி நேரம் கேட்பது என்பதுதான்.

பெரியவர் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்து, நன்றாக மென்று விழுங்கினார்.

"சாக்கு காய்ஞ்சால் என்ன செய்வியள்?"

"திருப்பி நனைப்பம்."

லிப்ட் மெக்கானிக்குக்கு அது பிடித்திருந்தது. ஒரு பொறியின் வேலை விளங்கியவர்போலத் தலையாட்டிவிட்டு இரண்டாவது ரோல்ஸை எடுத்தார். உறைக்கிறது என்று கண்ணைத் துடைத்தார். உறைப்புத்தான் காரணமாக இருக்க வேண்டும், மனைவி அன்று மிளகு கொஞ்சம் கூடப் போட்டிருந்தாள்.

பெண்மணி சாப்பிடவில்லை. எழும்பினார். "நான் உங்களை மரத்தின்ரை ஆள் எண்டு நினைச்சிருந்தன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏமாந்தவர்கள் சொல்கிற மாதிரிச் சொன்னார். நகரசபையில் இருந்து கேட்டால் இனி என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைச் சரியாகப் பூட்டாமலே படியேறிப் போனார்.

"பார்த்தியோ?" என்றேன் மனைவியிடம். "உண்மையைச் சொன்னதுக்குக் கிடைச்சது இதுதான்."

"பொய் சொன்னதுக்கும் இதுதானே கிடைச்சிருக்கும்" என்றாள். ஆறிப்போன ரோல்ஸை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

வாக்கெடுப்பில் மரம் வென்றது. பெரியவரின் பலகையும் மேல்வீட்டுப் பதாகையும் ஒரே நாளில் இறங்கின. நான் குடையைச் சுருக்கினேன். அன்றைக்கென்று நல்ல வெயில். தெருவோரத்தைக் கிண்டத் தொடங்கினார்கள். என் கார் இப்போது ரயில்பாதைக்கு அப்பால், நடந்து போக வேண்டிய தூரத்தில் நிற்கிறது. விடிய நாலு மணிக்கு முன்னரே எழும்பி அதைத் தேடிப் போகும்போதெல்லாம் ஜனநாயகத்தைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் தோன்றும்.

மேல்வீட்டுப் பெண்மணி அதன் பிறகு படிக்கட்டில் வணக்கம் மட்டும் சொன்னார். ரயில்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் சந்தித்தோம். மெசினின் பஞ்சை மிகக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமலே, நகரசபையில் இருந்து தொலைபேசி வந்தது என்றார்.

"என்ன சொன்னனீங்கள்?"

"இருந்ததைச் சொன்னன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இருந்தது என்றால் எது? சாரமா, குடையா, மழையில் வெயில் கடுமை என்றதா? இருந்ததற்குள் எனக்குச் சாதகமான ஒன்றைக் கண்டுபிடிக்க நான் பல இரவுகள் படுக்கையில் புரண்டேன். பெரியவரையாவது கேட்கலாம் என்று பார்த்தால் அவர் வீட்டுத் தபால்பெட்டி நிரம்பி வழிந்தது. ஆளைக் காணவில்லை. எனக்காகப் பேச வேண்டி வரும் என்று ஓடி ஒளித்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒரு பெண். ஏரிகள், மலைகள், யார் யாரைத் தெரிவு செய்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் மகள் பாடமாக்கித் தந்ததை ஒப்புவித்தேன். பிறகு நடுவில் இருந்தவர் தன் தாளைப் பார்த்தார். நான் தந்த இருவரில் ஒருவர் எங்கடின் என்ற பள்ளத்தாக்குப் பக்கம் மலையேறப் போயிருப்பதால் தொடர்பு கிடைக்கவில்லை என்றார். மற்றவரோடு மட்டும் கதைத்தார்களாம்.

மற்றவர்.

"அயலவர்களோடை உங்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்குதோ?" என்று கேட்டார். "மரம் நடுகிற விசயத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?"

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய தாள்களுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் தலைக்கவசம் இருந்தது. அதில் பச்சை இலை போட்ட ஒட்டுத்தாள். என்னுடைய பழைய மூளை உடனே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மரத்தின் ஆள். மரம் எனக்கு உயிர் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. கறிவேப்பிலையும் பின்னால் தயாராக நின்றது. ஆனால் மேல்வீட்டுப் பெண்மணி இவரிடம் என்ன சொல்லியிருப்பார்? நான் இப்போது மரம் என்றால், இரண்டு பேரில் யாருக்குப் பொய் என்ற கேள்வி இந்த மேசையில் இன்னொரு தரம் வரும். அதைவிட, அந்தப் பெண்மணி சப்பாத்தைப் பூட்டாமல் படியேறிப் போனது ஞாபகம் வந்தது.

நான் வேண்டாம் என்ற பக்கம் என்றேன். தோற்ற பக்கம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நாலு மணி பஸ் கதையைச் சொன்னேன். அவர் தலைக்கவசத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த நேரத்துக்குப் பஸ் விடச் சொல்லிக் கேட்கலாமே, ஏன் கேட்கவில்லை என்றார். அது நல்ல கேள்வி, எனக்குத் தோன்றவே இல்லை என்று ஒப்புக்கொண்டேன். மூவரில் ஒருவர் சிரித்தார். சிரித்தவர் எந்தக் கட்சி என்று நான் யோசித்தது உண்மை.

கடைசியில் எழும்பும்போது நடுவில் இருந்தவர் சொன்னார். "உங்கடை அயலவர் சொன்னவ, நீங்கள் முகத்துக்கு நேரை மறுத்துச் சொல்லுற ஆளாம். அவவுக்கு அது பிடிக்கேல்லையாம். ஆனால் எழுதிக்கொள்ளச் சொன்னவ."

குடியுரிமை கிடைத்துவிட்டது. மகள் கேக் வாங்கி வந்தாள். மலையில் இருந்து முகம் கறுத்துத் திரும்பிய பெரியவர், தான் ஒன்றும் சொல்லாமலே நான் சுவிஸ்காரனாகிவிட்டது கொஞ்சம் மனவருத்தம் என்றார்.

இப்போது திரும்பவும் ஒரு வாக்கெடுப்பு. நகரசபை நீச்சல் தடாகத்தைப் பெருப்பிப்பதா வேண்டாமா. பெரியவர் அதே முனையில் அதே மாதிரி 'நைன்' பலகை நட்டிருக்கிறார். அது அதே மாதிரி என் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. இம்முறை எனக்கும் வாக்கு உண்டு. எனக்கு நீந்தத் தெரியாது, ஆனால் என் மனைவி அறுபது வயதுக்குக் கிட்டப் போய் நீந்தப் பழகுகிறாள், தடாகத்தில் இடம் போதவில்லை என்று ஒவ்வொரு புதன்கிழமையும் ஏசிக்கொண்டு வருகிறாள். ஆகவே பெரியவரிடம் வேலிக்கு மேலால், நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம் என்று சொன்னேன். அவர் மிகுந்த சந்தோசத்தோடு முழுப் பின்னேரமும் என்னோடு வாக்குவாதப்பட்டார்.

பல்கனியில் திரும்பவும் 'யா' கட்டியிருந்த மேல்வீட்டுப் பெண்மணியைப் படிக்கட்டில் கண்டபோது, இந்தமுறை நானும் நீங்களும் ஒரே பக்கம் என்றேன். கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உண்மையாவோ?" என்றார்.

ஓம் என்றேன். நம்பவில்லை. இரண்டு படி ஏறியவர் திரும்பி நின்று இன்னொரு தரம் பார்த்தார்.

இன்று காலை கொடியில் நீலச் சாரம் காயப் போட்டேன். பலகையில் இருந்து எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளி. காற்று கொஞ்சம் எழும்பியிருந்தது. மேலே பல்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விடும் சத்தமும் கேட்டது. உள்ளே போய் இன்னும் நாலு கிளிப் எடுத்து வந்து, ஒவ்வொன்றாக, எல்லாரும் பார்க்கக் குத்தினேன்.